தடுப்பூசி விஷயத்தில் ஒரு நாடு யார் பேச்சைக் கேட்பது?

2021 ஜனவரி 28 அன்று ஜெர்மனியின் தடுப்பூசிக் குழுவான ஸ்டிகோ ஒரு பரிந்துரையை வெளியிட்டது. ஆஸ்ட்ராசெனகாவின் கோவிட் தடுப்பூசியை 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் போடுங்கள் என்றது. முதியவர்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லப் போதுமான தரவு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே சமயத்தில் பிரிட்டன் அதே ஊசியை முதியவர்களுக்குத்தான் முதலில் போட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவான சேஜ், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் போடலாம் என்றது. மார்ச் 4 அன்று ஸ்டிகோ தன் வயது வரம்பை எடுத்துவிட்டது. அரிதான ரத்த உறைவு பற்றிய செய்திகள் வந்த பிறகு, மார்ச் 30 அன்று, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று அப்படியே தலைகீழாகத் திருப்பியது. அடுத்த வாரம் பிரிட்டனின் குழு, 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி இருந்தால் அதைக் கொடுங்கள் என்றது.

இதைப் பார்த்து "நிபுணர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை" என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியின் கையில் ஃபைசரும் மாடர்னாவும் இருந்தன. அதனால் "எந்த ஊசியை யாருக்கு" என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பிரிட்டனில் ஜனவரியில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. "இன்றைக்கே எத்தனை உயிரைக் காப்பாற்றலாம்" என்பது அவர்கள் கேள்வி. சேஜ் பேசியது வேறு ஊசியே கைக்கு எட்டாத நாடுகளையும் மனதில் வைத்து. மூன்று குழுவிலும் திறமைசாலிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஏறத்தாழ ஒரே ஆய்வுகளைத்தான் படித்தார்கள். கேட்கப்பட்ட கேள்வி வேறு.

ஒரு நாடு தன் தடுப்பூசிக் கொள்கைக்கு யாருடைய ஆலோசனையை எடுத்துக்கொள்வது என்பதை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். "யார் பெரிய நிபுணர்" என்று ஒப்பிட்டால் விடை வராது. "யார் நம்முடைய கேள்வியைக் கேட்கிறார்கள், அந்தப் பதிலை அரசு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது" என்று ஒப்பிட வேண்டும். பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: சேஜ் சொல்வதை அப்படியே ஏற்பது, சொந்தமாக ஓர் ஆலோசனைக் குழு வைத்துக்கொள்வது, அந்தக் குழுவின் முடிவுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுப்பது, பக்கத்து நாடுகளோடு சேர்ந்து பொதுக்குழு அமைப்பது.

ஜெனிவா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது

ஜெனிவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 1999இல் சேஜை அமைத்தது. 15 உறுப்பினர்கள். தங்கள் நாட்டின் சார்பில் வருவதில்லை, தனிப்பட்ட தகுதியில் உட்காருகிறார்கள். மூன்று ஆண்டுப் பதவி, ஒருமுறை நீட்டிக்கலாம். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை கூடுவார்கள். ஆனால் உண்மையான வேலை அதற்கு முன்பே பணிக்குழுக்களில் நடந்து முடிந்திருக்கும். ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்று தரம் பிரித்து, நன்மை, தீமை, செலவு, நடைமுறை எல்லாவற்றையும் ஒரு சட்டகத்தில் வைத்துத்தான் சேஜ் முன் கொண்டுவருவார்கள். சேஜ் பரிந்துரைப்பது நிறுவனத்தின் தலைமை இயக்குநருக்கு. அவர் ஏற்றுக்கொண்டால் அது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாக வெளிவரும். எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்தாது. ஆனால் ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கிக் கொடுக்கும் காவி தடுப்பூசிக் கூட்டணி இந்த நிலைப்பாட்டை ஒட்டித்தான் பணம் போடுகிறது. ஆகவே காகிதத்தில் ஆலோசனை, நடைமுறையில் கிட்டத்தட்டக் கதவின் சாவி.

இந்த வழியின் பெரிய ஆதாயம், ஒரு சின்ன நாடு ஒருபோதும் சொந்தமாகச் செய்ய முடியாத சான்று அலசல் இலவசமாகக் கிடைக்கிறது. எச்பிவி தடுப்பூசி நல்ல உதாரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசிக்கு மூன்று தவணை என்று தொடங்கி, இரண்டாகி, 2022 ஏப்ரலில் ஒரே தவணையும் போதும் என்று சேஜ் சொன்னது. அதற்கு அடியில் கென்யாவில் நடந்த சோதனை இருந்தது. இந்தியாவில் 2010இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு சோதனையில், திட்டமிடாமலே ஒரு தவணையோடு நின்றுபோன பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவும் இருந்தது. இவ்வளவையும் ஒரு நாட்டின் அமைச்சகம் தனியாகத் தோண்டி எடுத்திருக்க முடியுமா? முடியாது. தவணை குறைந்ததால் அதே அளவு மருந்தில் இரண்டு மடங்கு பெண்களுக்குப் போடலாம். ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும்கூட 2023இல் ஒரு தவணைக்கு வந்தன.

சில முடிவுகளில் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக யோசிக்க இடமே கிடையாது. 2016 ஏப்ரல் 17 முதல் மே 1 வரை, இரண்டே வாரத்தில், 155 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும், வலுவிழக்கச் செய்த உயிர் வைரஸ் கொண்ட வாய்வழிப் போலியோ மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை எடுத்துவிட்டன. ஒரு நாடு மட்டும் பழைய மருந்தைத் தொடர்ந்தால், அதிலிருந்து பரவும் வைரஸ் பக்கத்து நாட்டைத் தாக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அதற்குத் தேதி குறிக்க உலக அளவில் ஒரு குழு தேவைப்பட்டது.

அந்த மாற்றம் நல்லபடியாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊசி வழிப் போலியோ மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, பல நாடுகளில் குழந்தைகள் இரண்டாம் வகைக்கு எதிராகப் பாதுகாப்பே இல்லாமல் வளர்ந்தார்கள், தடுப்பூசி வழி வந்த வைரஸ் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை முடக்கியது. போலியோ ஒழிப்புக் கூட்டணியே கேட்டுக்கொண்டு நடத்திய ஆய்வு 2024இல் அதை ஒளிவுமறைவின்றித் தோல்வி என்றது. உலகம் முழுக்க ஒரே முடிவு என்றால், தவறும் உலகம் முழுக்கத்தான்.

இதற்கு எதிர்முனையில், சேஜ் மிகவும் மெதுவாக நகர்ந்த கதை ஒன்று. மலேரியாவுக்கான ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசிக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2015 ஜூலையில் சாதகமான கருத்து சொன்னது. அக்டோபரில் சேஜும் மலேரியா ஆலோசனைக் குழுவும் சேர்ந்து, நேரடியாகப் பரப்ப வேண்டாம், முதலில் சில நாடுகளில் முன்னோட்டமாகப் போட்டுப் பாருங்கள் என்றன. மாலாவி, கானா, கென்யாவில் 2019இல்தான் முன்னோட்டம் தொடங்கியது. பரவலான பயன்பாட்டுக்கான பரிந்துரை வந்தது 2021 அக்டோபர் 6. நான்கு தவணை ஊசியைக் கிராமத்துத் தாய்மார் முழுமையாகப் போட்டுக்கொள்ள வருவார்களா, சோதனையில் எழுந்த பாதுகாப்புச் சந்தேகங்கள் நிஜமா என்ற கேள்விகள் நியாயமானவைதான். ஆனாலும், மலேரியாவால் குழந்தைகள் சாகும் நாடுகளில், ஆறு ஆண்டுகள் என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, இந்த வழியின் ஆபத்து எங்கே இருக்கிறது? டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசியின் கதையை விடத் தெளிவாக வேறெதுவும் அதைக் காட்டாது. போலியோ மாற்றம் நடந்த அதே 2016 ஏப்ரலில்தான் சேஜ் டெங்கு தடுப்பூசி பற்றியும் முடிவெடுத்தது. டெங்கு அதிகம் உள்ள இடங்களில், போடப்போகும் வயதினரில் ஏறத்தாழ 70 சதவீதம் பேராவது ஏற்கெனவே டெங்குவைச் சந்தித்திருந்தால் அறிமுகம் செய்வதைப் பரிசீலிக்கலாம், 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேண்டாம் என்றது. முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி தீங்கு செய்யக்கூடும் என்ற கோட்பாட்டு அளவிலான எச்சரிக்கையும் அப்போதே எழுத்தில் இருந்தது.

பிலிப்பைன்ஸ் அந்தக் கூட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. சேஜ் கூடுவதற்குச் சில நாள் முன்பே பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பர் 29 அன்று ஊசியைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்குப் பிற்பாடு டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று அறிவித்தது. அடுத்த சில நாளில் திட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, தன் குழந்தைக்கு முன்பு டெங்கு வந்திருந்ததா என்றும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தடுப்பூசிகள் முக்கியம் என்பதை உறுதியாக ஏற்றுக்கொண்டவர்கள் 2015இல் அந்த நாட்டில் 93 சதவீதம். 2018இல் 32 சதவீதம். 2019இல் தட்டம்மை பெரிய அளவில் வெடித்தது.

2018 ஏப்ரலில் சேஜ் தன் பரிந்துரையை மாற்றியது. ஒவ்வொருவருக்கும் முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போடுவதே ஏற்ற முறை என்றது. இந்த மாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. 70 சதவீதம் என்பது ஒரு வட்டாரத்தின் கணக்கு. அந்த வட்டாரத்திலும் நூறு குழந்தைகளில் முப்பது பேர் டெங்குவைப் பார்க்காதவர்களாக இருக்கலாம். மொத்தத்தில் நன்மை அதிகம் என்று ஜெனிவாவில் கணக்குப் போடலாம், கணக்கும் சரியாகவே இருக்கலாம். அந்த முப்பது குழந்தைகளின் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது உள்ளூர் அரசு. "நம் ஒன்பது வயதுக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு டெங்கு வந்திருக்கிறது, அளந்தோமா, அளந்த பிறகும் மீதிப் பேருக்கு என்ன சொல்லப்போகிறோம்" என்று அமைச்சரை உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரம் சேஜிடம் கிடையாது. நாட்டுக்குள்ளே யாரோ ஒருவர் கேட்க வேண்டும்.

சொந்தக் குழு

தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுக்களில் பிரிட்டனின் ஜேசிவிஐ 1963இலும் அமெரிக்காவின் ஏசிஐபியும் கனடாவின் குழுவும் 1964இலும் தொடங்கியவை. ஜெர்மனியின் ஸ்டிகோ 1972, இந்தியாவின் என்டிஏஜிஐ 2001. 2020க்குள் எல்லா நாடுகளிலும் இப்படி ஒரு தேசியக் குழு ஒழுங்காக இயங்க வேண்டும் என்பது உலகளாவிய தடுப்பூசிச் செயல்திட்டத்தின் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. "ஒழுங்காக" என்பதை அளக்க ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்: குழுவுக்குச் சட்ட அல்லது நிர்வாக ஆணை, எழுத்தில் பணி வரையறை, குறைந்தது ஐந்து துறை நிபுணர்கள், ஆண்டுக்கு ஒரு கூட்டமாவது, ஒரு வாரம் முன்பே நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும், நலன் முரண் இருந்தால் கட்டாயம் அறிவிப்பது. மிகவும் அடிப்படையான பட்டியல். இதைக்கூட எட்டாத குழுக்கள் இருந்ததால்தான் இப்படி எழுத வேண்டி வந்தது.

சொந்தக் குழு எதற்கு உதவும் என்பதற்கு ரோட்டா வைரஸ் ஊசியைப் பார்க்கலாம். முதல் ரோட்டா தடுப்பூசியான ரோட்டாஷீல்ட் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வந்ததால் 1999இல் ஏசிஐபி பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் ரோட்டா வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவது அரிது. அங்கே அந்த முடிவு சரி. அதே நோயால் பல லட்சம் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? ஆனால் அமெரிக்கா கைவிட்ட ஊசியை வேறெந்த நாடும் தொடத் துணியவில்லை. அடுத்த ரோட்டா ஊசிகள் பரவலாக வர 2006 ஆகிவிட்டது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் இதிலிருந்து பாடம் கற்றது. முதல் தவணையைப் பதினைந்து வாரத்துக்குள் போட்டாக வேண்டும் என்ற வயது வரம்பை 2013இல் தளர்த்தியது. தாமதமாக வரும் குழந்தையைத் திருப்பி அனுப்பினால் சாகும் எண்ணிக்கை, குடல் செருகலால் வரும் ஆபத்தைவிட மிக அதிகம் என்பதால். பணக்கார நாடுகள் வயது வரம்பை வைத்துக்கொண்டன. இரண்டும் சரியான முடிவுகள்தான்.

சின்னம்மை ஊசியும் இப்படித்தான். அமெரிக்கா 1995 முதல் போடுகிறது. சின்னம்மை ஊரில் சுற்றிக்கொண்டிருப்பது பெரியவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கிறதோ என்ற கவலையில் பிரிட்டன் ஏறத்தாழ முப்பது ஆண்டு தள்ளி நின்றது. ஜேசிவிஐ 2023 நவம்பரில்தான் பரிந்துரைத்தது, 2026 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. இந்தத் தாமதம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது, ஆனால் யோசித்து எடுத்த தாமதம்.

சொந்தக் குழு வைத்திருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அரசு கேட்காமல் போகலாம். 2021 செப்டம்பரில் ஏசிஐபி, வேலையின் காரணமாகத் தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கோவிட் பூஸ்டர் தேவையில்லை என்று 9க்கு 6 என்ற கணக்கில் வாக்களித்தது. அன்றிரவே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் அதை மாற்றி, அவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார். தவறா என்றால், இல்லை. ஆலோசனைக் குழு என்றால் ஆலோசனைதான். அவர் மாற்றியது எல்லார் கண்முன்னும் நடந்தது, வாக்குகள் எத்தனை என்று நாட்டுக்கே தெரியும், அதனால் மறுப்பின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

இந்தியாவில் அதே ஆண்டு மே மாதம் கோவிஷீல்ட் தவணைகளுக்கு இடையிலான இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டித்தபோது நடந்தது வேறு மாதிரி. நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி என்று அரசு சொன்னது. குழு உறுப்பினர்களில் சிலர் அடுத்த மாதம், நாங்கள் ஒத்துக்கொண்டது 8 முதல் 12 வாரம், அதற்கு மேல் தரவு இல்லை என்றார்கள். அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்று வெளியில் இருப்பவருக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. கூட்டக் குறிப்பு உடனுக்குடன் வெளியாகியிருந்தால் இந்தச் சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது. மருத்துவ ரீதியாக நீண்ட இடைவெளி தப்பில்லை என்று வாதிடலாம், கனடா நான்கு மாதம் வரை போனது. நான் சொல்ல வருவது அதுவல்ல. குழுவின் பெயரை முன்னிறுத்தி, குழு சொன்னதை மறைத்தால், அடுத்த முறை குழு சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

குழுவின் பணி வரையறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனிலிருந்து இன்னொரு செய்தி. 2021 செப்டம்பர் 3 அன்று ஜேசிவிஐ, 12 முதல் 15 வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் கோவிட் ஊசி போட வேண்டும் என்று சொல்ல மறுத்தது. உடல்நல ஆதாயம் மிகச் சிறிது, பள்ளிப் படிப்பு பாதிக்கப்படுவதைக் கணக்கில் எடுப்பது எங்கள் வரையறைக்குள் இல்லை என்றது. அரசு நான்கு தலைமை மருத்துவ அதிகாரிகளிடம் போனது. அவர்கள் படிப்பையும் சேர்த்து எடைபோட்டு, ஒரு தவணை போடலாம் என்றார்கள். இரு தரப்பும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். தன் எல்லை எது என்று தெரிந்து, அதைத் தாண்டாமல், "இது எங்கள் வேலையில்லை" என்று வெளிப்படையாகச் சொன்ன குழுக்கள் அரிது.

சட்டத்தின் பலம் கொடுத்தால்?

ஆலோசனையை அரசு புறக்கணிக்கக் கூடாது என்றால் அதைச் சட்டமாக்கிவிடலாமே என்று தோன்றும். இரண்டு பெரிய நாடுகள் இரண்டு விதமாகச் செய்திருக்கின்றன, விளைவும் இரண்டு விதம்.

இங்கிலாந்தில் 2009 விதிகளின்படி, ஜேசிவிஐ பரிந்துரைத்தால் சுகாதார அமைச்சர் அதை நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் இரண்டு நிபந்தனை: அமைச்சர் கேட்ட கேள்விக்கான பதிலாக அது இருக்க வேண்டும், செலவுக்கேற்ற பலன் உண்டு என்று கணக்கில் நிரூபணமாக வேண்டும். ஊசியால் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு முழு ஆரோக்கிய ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை செலவிடலாம் என்பது அவர்கள் பயன்படுத்தும் கோடு. மூளை உறையைத் தாக்கும் மெனிஞ்சைடிஸ் பி நோய்க்கான ஊசி இதில் சிக்கியது. 2013 ஜூலையில் குழு, எந்த விலையிலும் பலனுக்கேற்ற செலவாக வர வாய்ப்பு குறைவு என்று இடைக்காலமாக மறுத்தது. பெற்றோர் கொதித்தார்கள். 2014 மார்ச்சில் கணக்கைத் திருத்தி, விலை போதிய அளவு குறைந்தால் போடலாம் என்றது. பேரம் ஓராண்டு ஓடியது. 2015 செப்டம்பரில் தொடங்கியபோது, நாடு தழுவிய திட்டமாக இதை உலகில் முதலில் செய்தது பிரிட்டன். விலையைக் குறைக்க அமைச்சகத்தின் கையில் இருந்த ஆயுதம் அந்தக் கோடுதான். சட்டம் குழுவுக்கு வலு கொடுத்தது, கோடு குழுவைக் கட்டியும் போட்டது.

அமெரிக்காவில் கட்டுமானம் வேறு. 1993இல் வந்த சட்டப்படி, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி கொடுக்கும் திட்டத்தில் எது சேரும் என்பதை ஏசிஐபியின் வாக்கே நேரடியாகத் தீர்மானிக்கிறது. நாட்டின் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தத் திட்டத்தில் வருகிறார்கள். 2010 சட்டம் காப்பீட்டு நிறுவனங்களையும் இந்தக் குழுவின் பரிந்துரையோடு கட்டிவிட்டது. பல ஆண்டுகள் இது அற்புதமாக வேலை செய்தது. குழு சொன்ன ஊசி, வருமானம் எதுவானாலும், குழந்தைக்குக் கிடைத்தது. ஆனால் உறுப்பினர்களை நியமிப்பதும் நீக்குவதும் ஒரே அமைச்சரின் கையில். 2025 ஜூனில் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கிவிட்டுப் புதியவர்களை நியமித்தார். டிசம்பரில் புதிய குழு, பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி ஊசி என்று 1991 முதல் இருந்த பரிந்துரையைக் கைவிட்டு, தாய்க்குத் தொற்று இல்லையென்றால் பெற்றோரே முடிவெடுக்கலாம் என்று வாக்களித்தது. அதற்கு முன்பே குழந்தை மருத்துவர் சங்கம் தனித் தடுப்பூசிப் பட்டியல் வெளியிடத் தொடங்கியிருந்தது. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய் மாநிலங்கள் சேர்ந்து தடுப்பூசிப் பரிந்துரைகளுக்காகத் தனிக் கூட்டணி அமைத்திருந்தன.

பணத்தைக் குழுவின் வாக்கோடு நேரடியாகக் கட்டினால், குழுவைக் கைப்பற்றுபவர் பணத்தையும் கைப்பற்றுகிறார். பலம் கொடுத்தவர்கள் பூட்டுப் போட மறந்துவிட்டார்கள். ஜெர்மனி இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருப்பதாக நினைக்கிறேன். ஸ்டிகோ பரிந்துரைக்கும். காப்பீட்டுப் பணம் கொடுக்கலாமா என்பதை மருத்துவர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிதியங்கள் சேர்ந்த வேறொரு கூட்டுக் குழு காலக்கெடுவுக்குள் முடிவெடுக்கும். ஏற்க மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு கதவுகள், இரண்டு சாவிகள்.

சேர்ந்து ஒரு குழு

சில நாடுகளில் மொத்த மக்கள்தொகையே ஒரு லட்சத்தைத் தொடாது. அங்கே நோயெதிர்ப்பியல், தொற்றுநோயியல், குழந்தை மருத்துவம், சுகாதாரப் பொருளாதாரம் என்று ஐந்து துறைக்கு ஐந்து சுதந்திரமான ஆட்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். திட்டத்தை நடத்துபவரும் ஆலோசனை சொல்பவரும் ஒருவராகவே இருப்பார். கரீபியன் பகுதியின் சிறு நாடுகள் இதற்காகத்தான் பொது ஆலோசனைக் குழு அமைத்துக்கொண்டன. அமெரிக்கக் கண்டங்களில் 1985 முதலே போலியோ ஒழிப்புக்காகத் தொடங்கிய வட்டாரக் குழு இருக்கிறது, அந்த அனுபவம் உதவியது. இதன் பலவீனம் வெளிப்படையானது: பொதுக்குழு யாருடைய அமைச்சருக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை, அமைச்சரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் சிறு நாட்டுக்கு மாற்று என்ன? ஒன்றுமில்லாததைவிட இது பல மடங்கு மேல்.

எதைத் தேர்வது

நடுத்தர அளவு நாடு எதுவானாலும், அதற்கு நான் சொல்வது இரண்டாவது வழியை, சில மாற்றங்களோடு. சொந்தக் குழு இருக்கட்டும். ஆனால் சேஜ் செய்து முடித்த சான்று அலசலை அது மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டாம். ஆயத்தச் சட்டையை வாங்கி இடுப்பளவை மட்டும் திருத்திக்கொள்வது போல, உள்ளூர்க் கேள்விகளில் மட்டும் உழைப்பைப் போடட்டும்: நம்மிடம் நோய் எவ்வளவு, எந்த வயதில், குளிர்பதன வசதி தாங்குமா, காவி உதவி நின்ற பிறகு யார் பணம் கட்டுவது. ஏற்கெனவே செய்யப்பட்ட முறையான ஆய்வுத் தொகுப்புகளைத் தேட ஜெர்மனியின் ராபர்ட் கோக் நிறுவனம் தேசியக் குழுக்களுக்காக ஒரு பதிவேடே வைத்திருக்கிறது. நாடுகளின் குழுக்களுக்கு இடையே உலக அளவில் ஒரு வலைப்பின்னலும் உண்டு. இருப்பதைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குழுவின் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டாம், ஆனால் அரசு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கட்டும். ஏற்றால் ஏன், மறுத்தால் ஏன். வாக்கு விவரமும் கூட்டக் குறிப்பும் வெளியாக வேண்டும். உறுப்பினர்களின் பதவிக்காலம் ஒரே நேரத்தில் முடியாமல் படிப்படியாக மாறட்டும், நியமனம் ஒரே அமைச்சரின் கையெழுத்தில் நிற்கக் கூடாது. பெயர்களை மறைப்பது உறுப்பினர்களைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு 2009 பன்றிக்காய்ச்சல் காலம் ஒரு பதில். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழு உறுப்பினர் பெயர்கள் 2010 ஆகஸ்ட் வரை வெளியிடப்படவில்லை. மருந்து நிறுவனங்களோடு உள்ள தொடர்பை மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வளர்ந்ததுதான் மிச்சம்.

பல நாடுகளில் கவனிக்காமல் விடும் ஒன்று, செயலகம். உறுப்பினர்கள் தன்னார்வமாக வருபவர்கள், வேறு வேலை உள்ளவர்கள். ஆய்வுகளைப் படித்து, அட்டவணை போட்டு, கேள்வியைக் கூர்மையாக்கிக் கொடுக்க முழுநேர ஆட்கள் இரண்டு மூன்று பேராவது இல்லையென்றால், குழு அமைச்சகம் தயாரித்துக் கொடுத்த காகிதத்தில் தலையாட்டும் இடமாகிவிடும். பணம் இருந்தால் ஒரு பிரபல நிபுணரைச் சேர்ப்பதை விட இந்த ஆட்களுக்குச் செலவழிக்கலாம்.

சிறிய நாடுகள் பொதுக்குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் உள்ளூரில் ஒரு மூன்று பேராவது "இதை எங்கள் மருத்துவமனைகளில் செய்ய முடியுமா" என்று கேட்கும் உரிமையோடு இருக்கட்டும். பெரிய, பணக்கார நாடுகள் சட்டப் பலத்தை விரும்பினால் ஜெர்மனியைப் பார்த்துப் பரிந்துரையையும் பணத்தையும் வேறு வேறு கைகளில் வைக்கட்டும். சேஜை மட்டும் நம்பியிருப்பது, குழு அமைக்கவே முடியாத நெருக்கடியில் இருக்கும் நாடுகளுக்கான இடைக்கால ஏற்பாடு.

அப்புறம், புதிதாகக் குழு அமைப்பவர்கள் முதலில் எதை எடுப்பது என்று கேட்பார்கள். எச்பிவி ஒற்றைத் தவணையை எடுக்கலாம் என்பேன். சான்று அலசல் முழுவதும் கையில் இருக்கிறது. திறந்திருப்பது ஒரு கேள்விதான்: எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இரண்டு தவணையாவது, முடிந்தால் மூன்று வேண்டும் என்கிறது சேஜ். எச்ஐவி அதிகம் உள்ள நாட்டில், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் சிறுமிகளில் யாருக்கு அந்தக் கூடுதல் தவணை தேவை என்பதை, யாரையும் அடையாளம் காட்டாமல், எப்படிக் கண்டுபிடித்துக் கொடுப்பது? இதற்கு நல்ல பதில் எழுத ஒரு குழுவுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குள் அந்தக் குழுவின் செயலகம் சரியாக இருக்கிறதா, அமைச்சர் எழுத்தில் பதில் தருகிறாரா என்பதும் தெரிந்துவிடும்.